செகண்ட்ஸ்

மார்கழி, வெடியால நாலே முக்கால்.
மங்கலம் ரோட்டில் இன்னும் கம்பெனி வேன் ஒன்றும் வரவில்லை.
ஆண்டிபாளையம் குளத்து மேட்டில்
நாங்கள் நாலு பேர்
ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறோம்.
வருசத்தின் கடைசி ஓட்டம்.
ஐந்தாவது ஆள் மயிலாத்தா
"இந்தா வந்துட்டே இருக்கறனுங்" என்கிறாள் போனில்.
போர்வைக்குள்ளிருந்து வரும் குரல்
எங்களுக்குத் தெரியாதா.

நான் போட்டிருப்பது
கடல் தாண்டிய ஏதோ ஓர் ஊரின் மாரத்தான் பனியன்.
நெஞ்சில் அந்த ஊர்ப் பாஷையில்
'ஓடி முடித்தவர்' என்று இருக்கிறதாம்.
பன்னிரண்டாயிரம் பீஸ், எங்கள் லைனில் தைத்தது.
கழுத்துப்பட்டியில் ஒரு தையல் தவறியதால்
இது மட்டும் கப்பல் ஏறவில்லை.
காதர்பேட்டையில், செகண்ட்ஸ் குவியலில்,
அறுபது ரூபாய் கொடுத்து வாங்கினேன்
நான் தைத்ததை நானே.
போன வருசமெல்லாம் இதை நைட்டி மேல் மாட்டிக்கொண்டு
பாத்திரம் விளக்கினேன்,
ஓடாமலே ஓடி முடித்தவள்.

தொடங்கியதற்குப் பெரிய காரணம் கிடையாது.
சர்க்கரை நூற்றி எண்பது.
டாக்டர் நடக்கச் சொன்னார்.
நடந்தால் நாய் துரத்தியது.
ஓடினேன்.

கணக்கெழுத, கம்பெனியில் கழித்துப்போட்ட ரிஜிஸ்டர்.
டார்கெட், முடித்தது, ஆல்டர், ரிஜெக்ட்
என்று கட்டம் அடித்தே இருந்தது.
ஜனவரி டார்கெட் நாற்பது கிலோமீட்டர்,
முடித்தது பதினொன்று.
பாதி ஓடிப் பாதி நடந்த நாளெல்லாம் ஆல்டர்.
மழை, நைட் ஷிப்ட், மகனுக்கு அம்மை
எல்லாம் ரிஜெக்ட்.
மே மாதம் மட்டும் வெறும் பக்கம்.
ஆர்டர் இல்லாமல் கம்பெனி பூட்டிக் கிடந்தது.
நேரம் இருந்தது, கால் இருந்தது,
விடிவதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

சாயப்பட்டறை தண்டபாணி அண்ணனுக்கு
நகக்கண் பன்னிரண்டு மாசமும் நீலம்.
கோயம்புத்தூர்ப் பந்தயத்தில் இருபத்தொரு கிலோமீட்டர்
மூணு மணிக்கு மூணு செகண்டு குறைவாக முடித்தார்.
அந்த மூணை வெச்சு என்னண்ணா பண்ணப்போறீங்க என்றால்
"அடுத்த வருசத்துக்கு வட்டிக்கு உட்டிருக்கறனுங்."

நிட்டிங் மிஷின் ஓட்டும் தீனபந்துவுக்கு
எங்களில் வேகம் எச்சு.
ஒடிசாவிலிருந்து வந்தவன்,
தமிழை ஓட்டத்தில்தான் படித்தான்:
நாய், மேடு, டீ, மெதுவா.
கடைசிச் சொல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.
வரும் வருசம் என்ன ஆசை என்றேன்.
ஊருக்கு உட்கார்ந்து போகணும் என்றான்,
ரிசர்வேஷனில்.
ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்டேன் என்று
நான் திருத்தவில்லை.

ரெஜினா டீச்சர் ஆவணியில் ஒருநாள்
நிற்காமல் அஞ்சு கிலோமீட்டர் ஓடிவிட்டு
வேலியோரம் போய் அழுதுவிட்டு வந்தார்.
ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.
அவர் இலக்கு என்னவோ, சொல்ல மாட்டார்.
"மார்க் வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

என்னுடையதைச் சொல்லவா?
நேற்று ராத்திரி டார்கெட் கட்டத்தில்
நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.
அடித்தேன்.
இருபத்தொன்று என்று எழுதினேன்.
அடித்ததற்குக் கீழே நாற்பத்திரண்டு
இன்னும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

மூன்று சுற்று முடிந்து,
வேர்வை ஆறி, பனி உறைக்கத் தொடங்கியபோது
ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் மயிலாத்தா,
தலை சீவாமல், ஷூ மாற்றிப் போட்டுக்கொண்டு.
"முடிச்சுப்போட்டீங்களா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
டீச்சர்தான் முதலில் திரும்பினார்,
பிறகு நாங்கள்.
இன்னொரு சுற்று,
பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.

எட்டரைக்கு லைன் ஓடணும்.
கிழக்கே குளத்துத் தண்ணீர் வெளுக்கிறது.
அந்த நாய் சாம்பலிலிருந்து எழுந்து
உடம்பை உதறிக்கொண்டு வருகிறது.
இப்போதெல்லாம் துரத்துவதில்லை, கூடவே ஓடும்.
ட்ரான்ஸ்பார்மர் வரைக்கும்.
அதற்கும் ஒரு டார்கெட் இருக்கும்போல.